பத்திலிருந்து எடுத்த ஒன்று

அன்பும் மரியாதையும் என்றும் குறையாத அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். ஏதோ வழக்கத்துக்கு எழுதுகிற வார்த்தை என்று நினைக்க வேண்டாம். பேனாவைத் திறப்பதற்கு முன் எழுந்து போய்த் திரைச்சீலை வழியாக முன்னறையை எட்டிப் பார்த்தேன், மூன்று தலை தெரிந்தது, நிம்மதியாக வந்து உட்கார்ந்தேன். தாங்களும் மாமாவும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாமாவை முதுகுவலி விட்டதா? தங்களைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விட்டார்களா? நிற்க. தாங்கள் சென்ற மாதம் எழுதி அனுப்பிய வாய்ப்பாட்டுக் குறுக்கு வழிகள் எட்டுப் பக்கமும் பத்திரமாக வந்து சேர்ந்தன. அவற்றால் என் வீட்டில் நடந்ததை ஒன்று விடாமல் தெரிவிக்கவே இக்கடிதம். முழுவதும் படித்துவிட்டுப் பிறகு திட்டவும். இந்தத் 'தாங்கள், தங்களை' என்பதிலேயே கால் பக்கம் போய்விட்டது, இனி நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

உனக்குச் சொல்லாமல் மறைத்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். குட்டிக்கு வாய்ப்பாடு ஏறவில்லை, பள்ளியில் வாய்மொழித் தேர்வு வருகிறது, ஏதாவது வழி சொல் என்றுதான் உனக்கு எழுதினேன். ஏன் ஏறவில்லை என்று எழுதவில்லை. உனக்கு எழுதுவதற்குச் சில நாள் முன்பு, வேலையில் ஒரு கூடத்துத் தரை ரசமட்டத்துக்கு வரவில்லை என்று மொத்தத்தையும் பெயர்க்கச் சொல்லிவிட்டார்கள். பதினாறு வருஷமாக டைல்ஸ் ஒட்டுகிறவனுக்கு எப்படி இருக்கும்? அந்த எரிச்சலை அப்படியே வீட்டுக்குச் சுமந்து வந்தேன். "ஏழெட்டு எவ்வளவு?" என்று குட்டியைக் கேட்டேன். ஐம்பத்து நாலு என்றாள். மறுபடி கேட்டேன், ஐம்பத்தெட்டு என்றாள். மூன்றாம் தடவை நான் கேட்டது தெருக்கோடி வரை கேட்டிருக்கும். நோட்டைத் தூக்கி எறிந்தேன். கை வைக்கவில்லை, அக்கா, சத்தியமாக அவள் மேல் கை வைக்கவில்லை. ஆனால் அவள் கதவுக்குப் பின்னால் போய் நின்றவள் நின்றவள்தான். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. தவிர்க்க முடியாமல் ஏதாவது சொல்ல வேண்டி வந்தால், என் ஆட்கள் கூப்பிடுகிற மாதிரி, "அம்மா, மேஸ்திரி வந்துட்டாரு" என்றாள். என் வீட்டுக்காரிக்கு முதல் நாள் சிரிப்பு வந்தது, நாலாம் நாள் அவளுக்கும் வரவில்லை. எட்டு வயசுப் பிள்ளையின் வாயிலிருந்து 'அப்பா' என்ற வார்த்தையே போய்விட்டது. அதைத் திரும்ப வாங்கத்தான் உன் எட்டுப் பக்கமும். தேர்வு கீர்வு எல்லாம் சும்மா ஒரு சாக்கு.

உன் முதல் வழி இரட்டிப்பு. நான் படித்தது குறைவு என்றாலும், தினமும் வரிசை வரிசையாகக் கல் பதிக்கிறவனுக்குப் பெருக்கல் ஒன்றும் புதிதில்லை. மிச்சம் விழுந்த கட்டைவிரல் அளவு டைல் துண்டுகளை ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து முன்னறையில் கொட்டினேன். குட்டியைக் கூப்பிடவில்லை. நானே ஏழு துண்டை ஒரு வரிசையாக வைத்து எனக்கே சொல்லிக்கொண்டேன்: "ஏழு. இரட்டிச்சா பதினாலு. மறுபடி இரட்டிச்சா இருபத்தெட்டு, அது நாலேழு. இன்னொரு தடவை இரட்டிச்சா, அது எட்டேழு, அதாவது..." நிறுத்திவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல விட்டத்தைப் பார்த்தேன். கதவோரத்திலிருந்து மெல்ல "ஐம்பத்தாறு" என்று வந்தது. திரும்பிப் பார்த்தால் ஓடிவிடுவாளோ என்று தரையைப் பார்த்தே "அட, ஆமா" என்றேன். மறுநாள் கதவை விட்டு இரண்டு டைல் தள்ளி உட்கார்ந்தாள். ஐந்து என்றால் பத்தில் பாதி என்றபோது இன்னும் இரண்டு டைல். ஆறு என்றால் ஐந்தும் ஒன்றும், ஏழு என்றால் ஐந்தும் இரண்டும் என்று பிரித்துக் காட்டியபோது என் முழங்காலுக்கு ஒரே ஒரு டைல் தூரத்தில் இருந்தாள். கூப்பிடுவது மட்டும் அப்போதும் "மேஸ்திரி" தான்.

வம்பு ஒன்பதாம் வாய்ப்பாட்டில் வந்தது. ஒன்பதைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும், பத்தைப் போட்டு ஒரு தடவையை எடுத்துவிடு என்று எழுதியிருந்தாய் அல்லவா? ஏழு ஏழாகப் பத்து வரிசை வைத்தேன், எழுபது. ஒரு வரிசையைக் கையில் அள்ளினேன், அறுபத்து மூன்று. "ஒன்பதேழு அறுபத்து மூணு, பாத்தியா?" என்றேன். அவள் தரையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள்.

"எடுத்ததை எங்க வைக்கிறது, மேஸ்திரி?"

உன் எட்டுப் பக்கத்திலும் இதற்குப் பதில் இல்லை. பள்ளிக்கூடத்தில் கழித்தால் கழித்ததுதான், அது எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் தொழில் அப்படி இல்லை. பெயர்த்த கல்லைத் தரையில் விட்டால் யார் காலையாவது பதம் பார்க்கும்; வைக்க ஓர் இடம் காட்டாமல் எந்த மேஸ்திரியும் கல்லை எடுக்கச் சொல்ல மாட்டான். அந்தப் பழக்கத்தில், யோசிக்காமல், "ஸ்டோர் ரூம்ல வை" என்று சொல்லித் தொலைத்தேன். சமையலறைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறை உனக்கு ஞாபகம் இருக்கும், காலி பெயிண்ட் டப்பாவும் ஓடாத மின்விசிறியும் கிடக்குமே, அது. ஏழு துண்டையும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். சொன்ன சொல் கேட்கிற பிள்ளை என்று பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள், துண்டு வேண்டாம், மனசுக்குள்ளேயே போடு என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். "பத்தெட்டு எண்பது. ஒரு எட்டை எடுத்தாச்சு. உள்ள வச்சாச்சு. எழுபத்திரண்டு."

ஸ்டோர் ரூமுக்குள் கல் வைக்கிற சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாக, எட்டுத் தடவை. "எலி" என்றேன். என் வீட்டுக்காரி தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "எலி எட்டோட நிறுத்துமா?" என்று கேட்டாள்.

காலையில் கதவைத் திறந்து பார்த்தால், தரையில் முதல் வரிசை ஏழு துண்டு, இரண்டாம் வரிசை எட்டுத் துண்டு, நூல் பிடித்த மாதிரி ஒட்டியிருக்கிறது. ரசமட்டத்தை எடுத்துவந்து வைத்தேன். குமிழி நடுவில் நின்றது நின்றபடி நின்றது. அக்கா, இத்தனை வருஷத்தில் எனக்கு அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. இடைவெளியில் பூசியிருந்த வெள்ளைச் சிமெண்டைத் தொட்டேன், ஈரம். பயப்படுவதா பொறாமைப்படுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் இரண்டும் பட்டுக்கொண்டு நின்றேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு, நானேதான் தூக்கக் கலக்கத்தில் செய்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அதற்கப்புறம் குட்டி பழகுவதற்காக வீட்டில் எதெது பத்தாக இருக்கிறதோ அதையெல்லாம் கணக்கில் இழுத்தாள். கொடியில் பத்துத் துணிக் கவ்வி. அவள் கண்ணை மூடித் திறந்ததும் ஒன்பது. துணி ஒன்று ஒரே முனையில் தொங்குகிறது. என் வீட்டுக்காரி வாங்கி வைத்த நூல்கண்டுப் பெட்டியில் பத்துக் கண்டு, ஒன்பது. அதுவும் பாதி தைத்த ஜாக்கெட்டுக்கு வேண்டிய நிறம்தான் போயிருக்கும். ஸ்டோர் ரூமில் போய்ப் பார்த்தால் அலமாரித் தட்டில் கவ்வியும் கண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் கை காலியாக இருக்கும். திரும்பிப் பார்த்தால் தட்டிலேயே இருக்கும். நான் என் கைவிரல்களை எண்ணிப் பார்த்துக்கொண்டு, அன்றிலிருந்து அவள் கணக்குப் போடும்போது இரண்டு கையையும் சட்டைக்குள் விட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தேன். "குளிருதா மேஸ்திரி?" என்று கேட்டாள். வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. "ஆமாம்மா, லேசா" என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை காலையில், வேலை நடக்கிற கட்டடத்தில் ஆள் எண்ணிக்கை. நாங்கள் என்னையும் சேர்த்துப் பத்துப் பேர். சூப்பர்வைசர் எண்ணினார், ஒன்பது. கலவை போடுகிறவரைக் காணோம். மெஷின் சுற்றிக்கொண்டிருக்கிறது, மண்வெட்டி சுவரில் சாய்ந்திருக்கிறது, அவருடைய டீயில் இன்னும் ஆவி வருகிறது, ஆள் மட்டும் இல்லை. முந்தின சாயங்காலம், "உங்க ஆளுங்க எத்தனை பேர் மேஸ்திரி?" என்று குட்டி கேட்டிருந்தாள். நானும் பேச்சு வளர்கிறதே என்ற சந்தோஷத்தில் ஒவ்வொருவரையும் வர்ணித்திருந்தேன். தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து ஸ்டோர் ரூமைத் திறந்தேன். பெயிண்ட் டப்பாவின் மேல் கலவைக்காரர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மேஸ்திரி."

"இங்க என்னய்யா பண்றே?"

"அதுதான் எனக்கும் புரியலை. டீ குடிக்கக் கையைக் கொண்டுபோனேன். ஒரு சின்னப் பொண்ணு குரல் 'எடுத்தாச்சு'ன்னுச்சு. அப்புறம் 'உள்ள வச்சாச்சு'ன்னுச்சு. சரி, வச்சுட்டாங்க போலன்னு உக்காந்துட்டேன்."

"எழுந்து வெளிய வாய்யா."

"வந்துட்டுதான் இருக்கேன்."

உண்மையில் வந்துகொண்டுதான் இருந்தார். எழுந்து நடந்தார், கை வீசி நடந்தார். நான் வாசலில் நின்று பார்க்கிறேன், ஐந்து நிமிஷம் நடந்திருப்பார், டப்பாவை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். நான்தான் உள்ளே போனேன், அவர் வெளியே வரவில்லை. சட்டென்று விட்டுவிட்டு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். "பரவால்லை, இங்க வெயில் இல்லை" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். "வீட்டுல மட்டும் சொல்லிடுங்க. அப்புறம் மேஸ்திரி, நான் ஒத்தையா இருக்கேன்னு கவலைப்படாதீங்க. அந்தப் பக்கம் யாரோ உக்காந்து வெள்ளைச் சிமெண்ட் குழைச்சிட்டு இருக்காங்க."

"எந்தப் பக்கம்? அங்க சுவருதானே இருக்கு?"

"சுவரும் இருக்கு. முகம் தெரியலை. கை ஓடுற வேகம் மட்டும் அச்சு அசல் உங்களை மாதிரியே. ஆனா உங்களை விடப் பொறுமை."

நான் என்ன செய்திருக்க வேண்டும், சொல்? அன்று சாயங்காலமே வாளியைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு, போதும் கணக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நாலு மணி ஆனால் குட்டி தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்கிறாள். அவள் முழங்கால் என் முழங்காலில் படுகிறது. கணக்கை நிறுத்தினால் அவள் மறுபடி கதவுக்குப் பின்னால் போய்விடுவாள் என்று பயந்தேன். ஓர் ஆளை அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டு, என் மகள் என்னிடம் இன்னொரு கணக்குக் கேட்க மாட்டாளா என்று காத்திருந்தேன், அக்கா. அன்றைக்கும் ஒன்பதாறு போட்டோம்.

புதன்கிழமை கலவைக்காரரின் மனைவி வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் வாசலில் நின்று அழ, உள்ளேயிருந்து கலவைக்காரர் "அழாதே, சாப்பிட்டுட்டேன்" என்று சொல்ல, அது எனக்கு மட்டும் கேட்க, நான் அந்த அம்மாவிடம் ஏதேதோ உளறி அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்து உன் எட்டுப் பக்கத்தையும் தலைகீழாகப் படித்தேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எடுக்கத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், திரும்பக் கொண்டுவரச் சொல்லிக் கொடுக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் பதினொன்றாம் வாய்ப்பாட்டுக்கு வழி இருந்தது: பத்தைப் போட்டு இன்னும் ஒரு தடவையைச் சேர். இதுதான் சாவி என்று குதித்துக்கொண்டு குட்டியைக் கூப்பிட்டேன். "இங்க பாரும்மா, பத்து பேரையும் அவங்கவங்க இடத்துல வச்சுடணும். அப்புறம் உள்ள இருந்து இன்னும் ஒண்ணைக் கொண்டுவந்து சேக்கணும். பதினொண்ணு."

"உள்ள இருந்து எதைக் கொண்டு வரணும், மேஸ்திரி?"

"உனக்கு எது வேணுமோ, அதை."

அவசரத்தில் சொன்னது. அவள் என்னையே ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஸ்டோர் ரூம் கதவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிற பார்வை, கடையில் துணி எடுக்கும்போது அவள் அம்மா பார்ப்பது போல. கண்ணை மூடினாள். "பத்து பேரு, அவங்கவங்க இடத்துல. உள்ள இருந்து ஒருத்தர். வந்தாச்சு. பதினொண்ணு." கண்ணைத் திறந்தபோது சிரித்தாள். எத்தனை நாள் கழித்து!

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது. வியாழக்கிழமை காலையில் கலவைக்காரர் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு டீ ஆறிப்போச்சு என்று புலம்பிக்கொண்டிருந்தார். ஸ்டோர் ரூமில் பெயிண்ட் டப்பாவும் மின்விசிறியும் மட்டும் இருக்கின்றன, ஒட்டியிருந்த டைலைக்கூடக் காணோம். சில்லறைக் குழப்பங்கள் உண்டு, குடி முழுகிப் போகிற அளவுக்கு இல்லை. கொடியில் கவ்வி பதினொன்று இருக்கிறது, நூல்கண்டு பதினொன்று இருக்கிறது. கடைக்காரன் கூடப் போட்டிருப்பான். சூப்பர்வைசர் ஆள் எண்ணினால் பதினொன்று என்கிறார், நான் எண்ணினால் என்னையும் சேர்த்துப் பத்துத்தான் வருகிறது. அவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். என் வீட்டுக்காரிக்கும் வேலை அலுப்பில் ஞாபகம் பிசகுகிறது. சாப்பிட உட்கார்ந்தால் "இப்பத்தானே சாப்பிட்டீங்க?" என்கிறாள். வெள்ளிக்கிழமை குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டேனாம், வழியெல்லாம் இரண்டு பேரும் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே போனோமாம். நான் அந்த நேரத்தில் மூன்றாம் மாடியில் முட்டிபோட்டுக் கல் பதித்துக்கொண்டிருந்தேன். "கொஞ்ச நாளா நீங்க ரொம்பப் பதமா பேசறீங்க" என்றும் சொன்னாள். அதை மட்டும் நான் மறுக்கவில்லை.

தேர்வைச் சொல்ல மறந்தேனே. ஏழெட்டு, ஒன்பதெட்டு, ஆறேழு எல்லாம் கேட்ட மாத்திரத்தில் சொன்னாளாம். எப்படிப் போடுகிறாய் என்று டீச்சர் கேட்டதற்கு, வழியையும் விளக்கினாளாம். வகுப்பே கை தட்டியதாம். ஆகவே உன்மேல் இருந்த கோபம் எல்லாம் போய்விட்டது. பன்னிரண்டாம் வாய்ப்பாட்டுக்கு வழி எழுதி உடனே அனுப்பு. பத்தும் இரண்டும் என்று நானே ஊகித்து வைத்திருக்கிறேன், இருந்தாலும் உன் கையால் வந்தால் நல்லது. அடுத்த விடுமுறைக்கு மாமாவையும் அழைத்துக்கொண்டு அவசியம் வரவும். இன்னும் 'மேஸ்திரி' என்றுதான் கூப்பிடுகிறாள், ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் இன்றைக்கோ நாளைக்கோ அந்த வார்த்தை வந்துவிடும் என்று என் மனசு சொல்கிறது. மாமாவுக்கு என் வணக்கங்கள். உன் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் எண்ணிக்கை குறையாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உன் அன்புத் தம்பி

பி.கு.: மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. பன்னிரண்டுக்கு வழி அனுப்பாதே, விடுமுறைக்கு வராதே. உறை ஒட்டப் பசை எடுக்க முன்னறைக்குப் போனேன். திரையை விலக்குகிற சமயம் குட்டி "அப்பா" என்று கூப்பிட்டாள். எத்தனை நாளாகக் காத்திருந்த குரல், அக்கா. "என்னம்மா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால், என் குரலிலேயே, "என்னம்மா" என்று ஒருவன் சொன்னான். தரையில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான், என் சட்டையைப் போட்டுக்கொண்டு. ஏழேழு ஐம்பது என்று அவள் தப்பாகச் சொன்னாள். அவன் கத்தவில்லை. "கிட்ட வந்துட்டே, இன்னொரு தடவை பாப்போம்" என்றான். அவள் நாற்பத்தொன்பது என்று சொல்லிவிட்டு அவன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். என் வீட்டுக்காரி அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் திரைக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். உள்ளே போய் அவன் சட்டையைப் பிடித்து நீ யாரடா என்று கேட்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் கேட்டால் நான் கத்துவேன், எனக்கு என்னைத் தெரியும். அவள் மறுபடி கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அதனால் சத்தம் போடாமல் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த கடிதம் அவன் எழுதினால், பதில் போடு.